மகளிர் சங்க ஆண்டறிக்கை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைப் பணி

தலைவி அவர்களுக்கும் உறுப்பினர் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதி நம்மை இழுத்துக்கொண்டது பரிசோதனைப் பணிதான். அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பின்னணி தெரிய வேண்டும். 2000 முதல் 2006 வரை நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எனப் பல நிறுவனங்கள் அதில் கைகோத்தன. 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் 31,343 பேர். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். வினிகரில் இருக்கிற அதே அசெடிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த வருகையிலேயே, சந்தேகமான இடத்தை உறையவைத்து அழிக்கும் குளிர் சிகிச்சையும் கொடுக்க முன்வந்தார்கள். அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

நம் மாவட்டத்துப் பெண்கள் உலகத்துக்கே சான்று கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நம் தெருக்களில் விசாரித்தால், முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலர் ஒரு தடவைகூடப் பரிசோதித்துக்கொண்டதில்லை. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆண்டு கிராம சுகாதார செவிலியரோடும் செவிலியர் கல்லூரி மாணவிகளோடும் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். கேள்விகளை அவர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். எந்தக் கேள்வியை மாமியார் முன்னால் கேட்கக் கூடாது என்பதை நம் உறுப்பினர்கள் சொன்னார்கள்.

விழிப்புணர்வு இல்லை என்று எல்லோரும் சொல்வதுண்டு. கேட்டுப் பார்த்ததில் அது பாதிதான் உண்மை. "தெரியாம இல்லக்கா. நூறு நாள் வேலையில வருகைப் பதிவுக்குக் காலையிலேயே போட்டோ எடுத்துடுறாங்க. அதை விட்டுட்டு வந்தா அன்னிக்குக் கூலி போச்சு" என்றார் ஒரு தங்கை. இன்னொருவர், "அந்த ரூமுல கதவே சரியா சாத்தாது" என்றார். சரி, இந்த இரண்டையும் முதலில் கவனிப்போம் என்று முடிவு செய்தோம். செவிலியரிடம் பேசி, பரிசோதனையை வேலை முடிந்து வரும் பிற்பகலுக்கு மாற்றினோம். தையல் தெரிந்த நம் உறுப்பினர் பழைய பருத்திச் சேலைகளை இரட்டையாக மடித்துத் தைத்து, தரை வரை தொங்கும் திரை ஒன்று செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டி வந்தார்கள்.

என் மனதை அரிப்பது அடுத்த கட்டம். சந்தேகம் என்று சொல்லிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் அங்கே சீட்டு வாங்கும் வரிசையிலேயே சோர்ந்து திரும்பிவிட்டார்கள். ஒருவரை இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தார்கள். அன்றைய ஆய்வு பலித்ததற்கு, பார்த்த இடத்திலேயே சிகிச்சையும் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளி வைத்தால், பயத்தைத்தான் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். எனவே அனுப்பப்படும் ஒவ்வொருவருடனும் நம்மில் ஒருவர் துணைக்குப் போவது, சிகிச்சை முடியும் வரை தனி நோட்டில் குறித்து வைப்பது என்று செயற்குழு தீர்மானித்தது. அந்த நோட்டு செயலாளர், செவிலியர் இருவர் கையில் மட்டுமே இருக்கும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள்கள். துணைக்குப் போகிறவர்களின் பேருந்துச் செலவைச் சங்க நிதியிலிருந்து தர அனுமதிக்க வேண்டும். குளிர் சிகிச்சைக் கருவியை நம் வட்டாரத்திலேயே கிடைக்கச் செய்யக் கோரி, மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு கொடுக்க வேண்டும். மனுவின் நகல் மேசையில் இருக்கிறது, கூட்டம் முடிவதற்குள் கையெழுத்திடுங்கள். இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்