உன் மையமும் அராய்ஹசார் அடிபம்பும்

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். மொட்டை இன்னும் அந்தப் பழைய கடனையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நீ தொடங்க நினைக்கும் பல்துறை ஆய்வு மையத்தின் திட்ட அறிக்கையைப் படித்தேன். ஆறு துறை, நான்கு குழு, திறப்பு விழாவுக்குத் தனி நிதி! எந்த ஊரில் எந்தக் கேள்விக்கு என்றுதான் காணோம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் பல துறைகளைச் சேர்த்து நடத்திய எர்த் இன்ஸ்டிடியூட்டை முன்மாதிரி என்கிறாய். சரி, அவர்களுடைய ஆட்கள் வங்கதேசத்தில் என்ன செய்தார்கள் என்று பார்.

டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹசார். 25 சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 6,000 அடிபம்புகளைச் சோதித்தார்கள். கேள்வி ஒன்றுதான்: இதைக் குடிக்கலாமா? குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்குக்குப் பயந்து 1970-களிலிருந்து போட்ட பம்புகள் அவை, கிடைத்ததோ ஆர்சனிக் என்ற நஞ்சு. வண்டலில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக் கிடப்பது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு கரையும்போது சேர்ந்து தண்ணீரில் இறங்கிவிடுகிறது. வாடை, ருசி எதுவும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது; வற்ற வற்றச் செறிவுதான் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், வங்கதேச வரம்பு 50.

நிலவியல்காரர்களிடம் மட்டும் விட்டிருந்தால் வரைபடம் போட்டதோடு முடிந்திருக்கும். நல்ல பம்பும் கெட்ட பம்பும் கலந்து கிடந்ததால் பத்தில் ஒன்பது பேருக்கு 100 மீட்டருக்குள் நல்ல தண்ணீர் இருந்தது. ஆக, வடிகட்டி விற்க வேண்டாம், பக்கத்து வீட்டில் பிடிக்கச் சொன்னால் போதும். சொன்னால் கேட்பார்களா? அதைப் பொருளியல்காரர்கள் பார்த்தார்கள்; கெட்டது என்று தெரிந்தவர்களில் 60 சதவீதம் பேர் வேறு பம்புக்கு மாறினார்கள். மருத்துவத் தரப்பு 11,746 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களிடையே நேர்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், 10 மைக்ரோகிராமைத் தாண்டிய தண்ணீரோடு தொடர்புள்ளது என்று 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். படித்தபோது எனக்குக் கை ஓடவில்லை.

சோதனை முறை உனக்குப் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் போகும்வரை முதலில் பம்பை அடித்துவிட வேண்டும். 50 மில்லி பிடித்து, தண்ணீரிலுள்ள சல்ஃபைடு சோதனையைக் கெடுக்காமலிருக்க ஆக்சிஜனேற்றும் பொருளைப் போட வேண்டும். அப்புறம் சல்ஃபாமிக் அமிலம், துத்தநாகத் தூள். மூடியில் மெர்குரிக் புரோமைடு தடவிய தாள். அது நனையக் கூடாது. ஆர்சனிக் இருந்தால் கிளம்பும் ஆர்சைன் வாயு நஞ்சு, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். தாள் மஞ்சளாகிப் பழுப்பாகும். நிழலில் வைத்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். சோதனைப் பெட்டியில் 20 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தது. ஆய்வகத்தில் சரிபார்த்தபோது ஆர்சனிக் 50-க்கும் 100 மைக்ரோகிராமுக்கும் இடைப்பட்ட பம்புகளில்தான் தப்பு அதிகம் வந்தது: கெட்டதை நல்லது என்று காட்டிவிடும். 40 நிமிடம் விட்டதும் தேறியது. இந்த இருபது நிமிடத்தை உன் நான்கு குழுவில் எது கண்டுபிடிக்கும்?

சோதித்து, கெட்ட பம்புக்குச் சிவப்பும் நல்லதுக்குப் பச்சையும் அடித்ததோடு தீரவில்லை. பெயிண்ட் உதிர்ந்துபோகும். சொந்தச் செலவில் போடும் புதுப் பம்பைச் சோதிக்க ஆளிருக்காது. 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். ஆனால் அரசு போட்ட ஆழமான பம்புகள் பல, செல்வாக்குள்ளவர் வீட்டு முற்றத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. இதையும் அதே குழுதான் வரைபடத்தில் வைத்துக் காட்டியது. வேதியியலோடு நின்றிருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

உன் பக்கம் தருமபுரியில் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. அது வேறு கதை. கரும்பாறைப் பூமியில் இன்னும் ஆழம் போட்டால் பெரும்பாலும் நிலைமை மோசமாகும். வங்கதேசத்து மருந்தை அப்படியே எடுத்து வந்துவிடாதே. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் யார் இன்னும் போர்வெல்லில் குடிக்கிறார்கள், ஏன் என்று ஒரே ஒரு ஒன்றியத்தில் வீடு வீடாகக் கேள். கேட்கப் போகிறவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். தண்ணீர் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான்.

திறப்பு விழாப் பணத்தைச் சோதனைப் பெட்டிக்கு மாற்றி, திருத்திய அறிக்கையை அனுப்பு. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு.

உன்
மச்சான்