பூட்டியைப் பெற்றவரைக் கண்டறிய உதவிய அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே, உறவுகளே,

செட்டிகுளத்திலும் வவுனியாவிலும் ஒட்டுசுட்டானிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். எங்கள் அம்மம்மாவின் தாயாரான பூட்டி யாருக்குப் பிறந்தார் என்ற கேள்விக்குக் குடும்பத்துக்குள் நெடுங்காலமாக இரண்டு விடைகள் புழங்கி வந்தன. இரண்டுமே சரியல்ல என்பதை இன்று ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறோம். அந்த நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள். உங்களிற் சிலர் பெயர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எவரது பெயரையும் எழுதாமல் அவரவர் செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பூட்டி 1971இல் காலமானார். அவருடைய மரணப் பதிவிலும், அதற்கு முந்திய விவாகப் பதிவிலும், தந்தையின் பெயருக்குரிய கூட்டில் செட்டிகுளத்துக் கமக்காரர் ஒருவரின் பெயரே இருந்தது. பூட்டியை வளர்த்து, வயலும் கொடுத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். ஆகவே பூட்டி அந்த வீட்டார் பெற்ற பிள்ளையே என்று ஒரு பகுதியினர் உறுதியாக இருந்தார்கள். மற்றப் பகுதியினரோ, தெருவழியே நடந்துபோன தோட்டத் தொழிலாளர் விட்டுச்சென்ற பிள்ளையை அவ்வீட்டார் எடுத்து வளர்த்தார்கள் என்று சொல்லி வந்தார்கள். இதைக் கட்டுக்கதை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முந்திய தலைமுறைகளில், தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் பகுதிக் காட்டுவழியேதான் மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களில் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின. அப்படி இறந்தவர்களின் பிள்ளைகளை வழியோர ஊர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் என்பதை நம்ப எனக்குத் தடையில்லை. எங்கள் பூட்டி அப்படி வந்தவர்தானா என்பதே கேள்வி.

முதல் நன்றி ஒட்டுசுட்டானில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சின்னம்மாவுக்கு உரியது. பூட்டியின் சீதன உறுதி, அதாவது சீதனம் கொடுத்ததற்கான பத்திரம், அவரிடம் இருந்தது. 2009இல் அவர் ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்தபோது, நகையும் பாத்திரமும் ஒவ்வொன்றாய்க் கைவிட்டுப் போக, அந்த உறுதியை மாப்பெட்டியின் பொலித்தீன் உறைக்குள் வைத்து, குழந்தையின் உடுப்புப் பைக்குள் திணித்துக் கொண்டுபோனார். இறுதியில் அவர் வந்து சேர்ந்த இடம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். 1916இல் எந்த ஊரில் எழுதப்பட்டதோ அந்த ஊருக்கே, ஒரு கூடாரத்துக்குள், அந்த உறுதி திரும்பி வந்தது. மடித்த இடங்களில் தாள் கிழிந்து, ஓரம் முழுதும் ஈரம் ஏறிய பழுப்போடு அதை அவர் என் முன் விரித்தபோது, நொத்தாரிசின் கையொப்பத்துக்கு மேலே வளர்த்த தாயின் கைநாட்டு விரல் ரேகை தெரியும்படி அப்படியே இருந்தது. உறுதியின் வாசகம் பூட்டியை அந்தத் தாயின் "சகோதரியின் மகளும் எங்களால் வளர்க்கப்பட்டவளும்" என்று குறிப்பிடுகிறது. அச்சகோதரியின் பெயரையும், அவர் வாழ்ந்த ஊரையும் அது சொல்கிறது. சின்னம்மா அதைக் காப்பாற்றியிராவிட்டால் இத்தேடலுக்குத் தொடக்கமே இருந்திருக்காது.

உறுதியில் வந்த அந்த ஊரை இப்போதுள்ள எந்தக் கிராம அலுவலர் பிரிவிலும் காண முடியவில்லை. இவ்விடத்தில் கைகொடுத்தவர், கொழும்பில் தொகைமதிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற அண்ணர். குடிசன மதிப்பில் பூட்டியின் பெயரைப் பார்க்கலாமா என்று கேட்டவுடனேயே, அச்சில் வந்த தொகுதிகளில் ஆட்களின் தொகை இருக்கும், பெயர் இராது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பாயிருந்து 1901 மார்ச் 1இல் எடுத்த கணக்கின்படி இலங்கையின் சனத்தொகை 3,565,954. எங்கள் பூட்டியும் மூன்று வயதுப் பிள்ளையாக அத்தொகைக்குள் ஒருவராக அடங்கியிருப்பார் என்பதற்கு மேல் அக்கணக்கு அவரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் அண்ணர் அத்தோடு விடவில்லை. ஊர்வாரியான பழைய அட்டவணைகளை எடுத்துப் பார்த்து, 1911ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்த ஊரைச் சில குடும்பங்களே எஞ்சியிருந்த சிற்றூராகக் கண்டுபிடித்தார். அது நடுச்செட்டிகுளம் என்ற பற்றை, அதாவது பழைய நிர்வாகப் பிரிவை, சேர்ந்ததல்ல, கிழக்குமூலைப் பற்றைச் சேர்ந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. குளம் உடைந்து, காய்ச்சல் பரவி, சனம் வேறிடம் போய், காடு மூடிய ஊர்கள் வன்னியில் எத்தனையோ உண்டு. இதுவும் அவற்றுள் ஒன்று. எந்தப் பற்று என்பது தெரிந்ததனால் எந்தப் பதிவாளர் பிரிவில் தேட வேண்டும் என்பது தெரிந்தது. பெயரில்லாத கணக்கெடுப்பு எங்களுக்குத் தந்த பெரும் பயன் இது.

அடுத்து, பதிவேடுகளைத் தேடித் தந்த எழுதுவினைஞர் தங்கைக்கு எழுதவேண்டிய நன்றியை நான் சுருக்கமாக எழுதினால் அது நியாயமாகாது. போரினால் வடபகுதிப் பதிவேடுகள் பல அழிந்தும் சிதைந்தும் போன நிலையில், பிறந்த திகதியும் பதிவு இலக்கமும் தெரியாமல் ஒருவர் வந்து நின்றால், "விபரம் போதாது" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பது எவருக்கும் எளிது. பூட்டியை ஊரெல்லாம் வீட்டுப்பெயரால் அழைத்ததால் பெயரைக் கொண்டு தேடவும் வழியிருக்கவில்லை. அவர் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரையும் தாயின் பெயரையும் வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1898ஆம் ஆண்டுப் பதிவொன்றில் ஊர் பொருந்தியது. தாயின் பெயர் உறுதியில் உள்ளபடியே இருந்தது. தகவல் கொடுத்தவர் தாயின் தகப்பன். தந்தையின் பெயருக்குரிய கூட்டில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது.

நாங்கள் கேட்டது அவ்வளவே. ஆயினும் தங்கை அதே பிரிவின் இறப்புப் பதிவேட்டையும் தாமாகவே திறந்து பார்த்திருக்கிறார். பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1900இல், அதே பெயருடைய, அதே ஊரைச் சேர்ந்த, அதே தகப்பனின் மகளான ஓர் இளம் பெண் இறந்ததாக அங்கே பதியப்பட்டிருந்தது. காரணம் காய்ச்சல் என்று ஒரே சொல்லில் எழுதப்பட்டிருந்தது. பிள்ளையைப் பெரியதாய் ஏன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. எழுபது ஆண்டுகள் இன்னொருவரின் மகளாகவே பதிவுகளில் வாழ்ந்த எங்கள் பூட்டிக்குத் தன் தாயின் முகம் நினைவில் இருந்திருக்க இடமில்லை என்பதையும் அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். தங்கையே, விண்ணப்பத்தில் கேளாத ஒன்றைத் தேடி எடுத்துத் தந்த உங்கள் நல்ல மனத்துக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்துக் கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு எங்கள் பணிவான வணக்கம். தந்தையின் கூட்டில் இருந்த கோட்டின் தொடக்கம் ஓர் எழுத்தைப்போலத் தோன்றுகிறது என்று எங்களிற் சிலர் ஆசைப்பட்டு ஒரு பெயரைக்கூடச் சொல்லத் தொடங்கினார்கள். ஐயா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, அதே பதிவாளர் அடுத்தடுத்த பக்கங்களில் வெறுங்கூடுகளுக்கு இழுத்த கோடுகளையும் காட்டி, இது கோடுதான், எழுத்தல்ல என்று முடித்து வைத்தார். இல்லாத ஒரு பெயரை எங்கள் வம்சாவளிக்குள் புகாமல் தடுத்தது அவருடைய நேர்மை.

அந்த வெறுங்கூட்டை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில் சட்டத்தரணி அம்மாவின் ஆலோசனை எங்களுக்குத் துணையாயிற்று. இன்றைய 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பெற்றோர் விவாகம் செய்யாதவிடத்து, தாயும் தந்தையென ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டாலன்றித் தந்தையின் பெயரைப் பதிவாளர் எழுத முடியாது. ஆனால் 1898இன் வன்னியில் ஊர்வழக்கப்படி தாலி கட்டி வாழ்ந்தவர்கள் பலர் விவாகத்தைப் பதிந்ததே இல்லை. ஆகவே அந்தக் கோட்டைக்கொண்டு பெற்ற தாயின் வாழ்க்கையைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். நாங்கள் அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டோம். வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையைத் தத்தெடுக்கும் வழக்கத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். வளர்த்தவர் விவாகப் பதிவில் தன்னைத் தந்தை என்று எழுதுவித்தது எவரையும் ஏமாற்றுவதற்காக அல்ல, பிள்ளையைத் தன் பிள்ளையாகவே கொண்டதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பெயருக்கும் பிறந்த இடத்துக்கும் கூடுகள் உண்டு. பாட்டிக்கும் பூட்டிக்கும் இல்லை. தாய்வழியைத் தேடுகிறவர்களுக்கு உறுதிகளும், பெரியவர்களின் ஞாபகமும், பதிவேட்டைப் பொறுமையோடு புரட்டும் ஓர் உத்தியோகத்தரும் வாய்க்கவேண்டும். எங்களுக்கு மூன்றும் வாய்த்தன.

இவற்றையெல்லாம் வெளியே எழுதச் சம்மதித்த குடும்பப் பெரியவர்களுக்கும், பயணச் செலவையும் பிரதிகளுக்கான கட்டணத்தையும் கேளாமலே அனுப்பிய கனடாவிலுள்ள மருமகளுக்கும் நன்றி. புதிதாக எழுதிய வம்சாவளியில் பெற்ற தாயின் பெயரை அவருக்குரிய இடத்தில் எழுதியிருக்கிறோம். வளர்த்த இருவரையும் வளர்த்தவர்கள் என்றே குறித்து, பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். பெற்ற தந்தையின் இடம் வெறுமையாக உள்ளது. ஊகத்தால் அதை நிரப்புவதில்லை என்று எல்லோரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம்.

கிழக்குமூலையில் கைவிடப்பட்ட சிற்றூர்களிலிருந்து 1920க்கு முன் வெளியேறிய குடும்பங்களின் வழிவந்தோர் எவரிடமேனும் பழைய உறுதி, கோயில் வரவு செலவுக் கொப்பி, திருமுழுக்குக் குறிப்பு போன்றவை இருந்தால், அவற்றைப் பார்வையிட எங்களுக்கு அனுமதி தருமாறு வேண்டுகிறோம். இருக்கும் இடத்துக்கே வந்து பார்த்துக்கொள்வோம். மூலப் பிரதியை எவரும் கைவிட்டுக் கொடுக்கவேண்டியதில்லை.

நன்றியுடன்,
பூட்டப்பிள்ளைகள் சார்பில்,
வவுனியா.