அப்பாவின் கால் கட்டு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பா கால் விஷயத்தை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில், மத்தியானம் கோயில் பிரகாரத்தைச் சுற்றினோம். கல் கொதித்தது, நான் நிழலுக்கு ஓடினேன். அவர் நிதானமாக நடந்து வந்தார். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பாய் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால், உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து கிடக்கிறது. முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட நர்ஸ் வீட்டில் இது!

நரம்பு மரத்துப்போனது சர்க்கரையால் என்று எனக்குத் தெரியும். நகமளவு புண் ஏழு வாரமாகியும் ஆறாததுதான் புரியவில்லை. சர்க்கரை கிருமிக்குத் தீனி என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பாதிக் கதைதான் என்றார் கட்டு மாற்றும் சின்ன வயசு டாக்டரம்மா.

காயம் பட்டதும் முதலில் ஓடி வரும் வெள்ளை அணு நியூட்ரோபில். சர்க்கரை ஏறிக் கிடந்தால் அது மெதுவாக வந்து சேரும், கிருமியை விழுங்குவதிலும் மந்தம். மந்தம் மட்டும் என்றால் போகட்டும். தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிவிட்டுச் சாகிற குணம் ஒன்று அதற்கு உண்டாம். சர்க்கரை அந்தக் குணத்தைக் கிளறிவிடுகிறது. அந்த வலையில் புதுச் சதையும் சேர்ந்து கெடுகிறது. 2015-ல் சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு இந்த வலை உண்டாகாமல் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புண் சீக்கிரம் ஆறியிருக்கிறது. பின்னாலேயே வருவது மேக்ரோபேஜ் என்கிற இன்னொரு வெள்ளை அணு. சில நாள் சண்டை போட்டுவிட்டு, அப்புறம் சதை கட்டுகிற வேலைக்கு அது மாற வேண்டும். சர்க்கரை கூடின உடம்பில் பெரும்பாலும் சண்டையிலேயே நின்றுவிடுகிறது. அப்பாவின் புண் ஓரம் சிவந்து கசிந்துகொண்டே இருந்தது இதனால்தான்.

2021-ல் கருப்புப் பூஞ்சை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்டுக்கடங்காத சர்க்கரையும், கோவிடுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து இதே அணுக்களைத்தான் மடக்கிப் போட்டன.

இப்போது இன்சுலின், சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, தினமும் கட்டு. நேற்று பஞ்சை எடுத்தபோது முதல்முறையாக மணி மணியாகச் செக்கச் சிவந்த சதை தெரிந்தது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். "மாதுளை மாதிரி இருக்கே" என்றார் உன் அப்பா.

சரி, உன் கதைக்கு வருகிறேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற எச்பிஏ1சி 8.4 என்று நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டெஸ்டுக்கு முன்னால் மூன்று நாள் சோற்றை விட்டால் குறைந்துவிடும் என்கிறாய். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டின சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். மூன்று நாள் பட்டினியில் அது ஏமாறாது. இரவு ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுவதும் எனக்குத் தெரியும், உன் அறைத்தோழன் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே.

வேலைக்குப் போடுகிற ஷூ கடிக்கிறது என்றாயே. ராத்திரி கழற்றினதும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா காலை நான் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா