ஃபில்டரை எங்கே வைப்பது?

அன்பு நண்பா,

எஃப்/2 தொலைநோக்கியும் (குவியத்தூரம் விட்டத்தைப் போல இரு மடங்கு, அதாவது எஃப் எண் 2) ஃபுல்-ஃபிரேம் கேமராவும் உன் கைக்கு வந்துவிட்டன என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. ஃபில்டரைச் சென்சாருக்கு எவ்வளவு ஒட்டி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எழுதியிருந்தாய். அது பாதிதான் சரி.

நட்சத்திரத்தின் ஒளிக்கூம்பு ஃபில்டரைக் கடக்கும்போது எவ்வளவு அகலம் என்று பார். சென்சாரிலிருந்து உள்ள தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும்: 20 மி.மீ. தள்ளி வைத்தால் 10 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் 43.3. இரண்டும் சேர்ந்து 53.3 மி.மீ. திறப்பு வேண்டும். இரண்டங்குல ஃபில்டரில் வளையம் போக ஏறத்தாழ 47தான் தேறும். மூலைகளில் கால் பங்கு ஒளி போய்விடும். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படம்) எடுத்துச் சரிசெய்தால் பின்னணி சமமாகும், ஆனால் அங்கே இரைச்சல் கூடுதலாகவே இருக்கும்.

சரி, 5 மி.மீ.க்கு நெருக்கினால்? அகலப் பிரச்சினை தீரும், வேறொன்று முளைக்கும். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி ஃபில்டரில் மோதி மீண்டும் வந்து விழுவதுதான் பேய் பிம்பம். அதன் விட்டம், தூரத்தின் இரு மடங்கை எஃப் எண்ணால் வகுத்தது. 20 மி.மீ. தூரத்தில் அது 20 மி.மீ. அகலத்துக்குப் பரவி மங்கிவிடும். 5 மி.மீ.யில் 5 மி.மீ. வட்டமாகச் சுருங்கி 16 மடங்கு அழுத்தமாகத் தெரியும். தூசியின் நிழலும் அப்படியே, அருகில் போகப் போகக் கருக்கும். ஆகவே தூரத்தை 15 முதல் 20 மி.மீ.க்குள் வைத்துக்கொண்டு ஃபில்டரைப் பெரிதாக வாங்கு. 65 மி.மீ. சதுரம் தாராளமாகப் போதும்.

ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை ஒட்டி 3 நானோமீட்டர் அகலத்தை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் விஷயத்தில் இடமாற்றம் உதவாது. குவியும் ஒளியில் எங்கே வைத்தாலும் விளிம்புக் கதிர் 14 பாகை சாய்ந்துதான் நுழையும். ஃபில்டர் பூச்சின் பயனுறு ஒளிவிலகல் எண் 2 என்றால், அந்தக் கதிருக்கு ஃபில்டர் விடும் அலைநீளப் பட்டை சுமார் 5 நானோமீட்டர் நீலப்பக்கம் நகர்ந்துவிடும். 656.3 நழுவிப்போகும். எஃப்/2-க்கென்றே முன்கூட்டி நகர்த்திச் செய்த ஃபில்டர்தான் வேண்டும். சிலியில் உள்ள ரூபின் வானியல் ஆய்வகக் கேமராவில் இரண்டாம், மூன்றாம் லென்சுகளுக்கு நடுவே நிற்கும் 75 செ.மீ. ஃபில்டர்களை வளைவாகச் செய்திருப்பதும் இந்தச் சாய்வுக்காகத்தான்.

குவியத்தையும் மறக்காதே. ஃபில்டர் கண்ணாடி தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தூரம் அதைப் பின்னே தள்ளும். 2 மி.மீ.க்கு 0.67 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்) சேர். எஃப்/2-இல் கூர்மையின் எல்லை ஏறத்தாழ 4 மைக்ரான்தான். இரண்டு ஃபில்டர்களின் தடிமன் 0.03 மி.மீ. வேறுபட்டாலே 10 மைக்ரான் தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குவியம் பார்.

பல குளிரூட்டிய கேமராக்களில் சென்சார் முகப்பிலிருந்து 17.5 மி.மீ. உள்ளே இருக்கும். உன்னுடையதில் எவ்வளவு என்று பார்த்து எழுது, டிராயர் (ஃபில்டரைச் செருகும் தட்டு) எங்கே வரும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்