ரொனால்டோவுக்காக செந்தூலில் கூடினோம், கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவின் பழைய ஆட்டங்களைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் மண்டபத்துக்கு வந்தவர்கள், வர முடியாமல் பணம் மட்டும் அனுப்பியவர்கள், கடைசி நேரத்தில் வந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் பேசாமல் போனவர்கள், எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பாதிப் பேர் நம்பர் என்னிடம் இல்லை, நம்பர் இருக்கிற மீதிப் பேர் "இதுக்குப் போய் நன்றியா தம்பி" என்று வைத்துவிடுவார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் நம் ஆட்கள் யார் பெயரும் இதில் இல்லை.

முதலில் மண்டபத்துச் சாவியைக் கொடுத்த அண்ணனுக்கு. "பிரேசில் ரொனால்டோ நினைவாக" என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிப்போய் "எப்போ தவறினாரு?" என்று கேட்டார். இல்லை அண்ணே, மனுஷன் நன்றாக இருக்கிறார், அவர் ஆடிய ஆட்டத்தைத்தான் நினைத்துப் பார்க்கப் போகிறோம் என்று விளக்கிய பிறகும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சாவியை நீட்டினார். ஆனால் காற்றே வராத அந்தப் பின்மூலையில் தன் வீட்டு விசிறியைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். அப்புறம், வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் எல்லாரையும் பச்சை நிறத்தில் காட்டத் தொடங்கியபோது (எடுத்த கடையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்) தன் டியூஷன் வகுப்பில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்த டீச்சருக்கு நான் நிஜமாகவே கடன்பட்டிருக்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டவர்களுக்கு: எங்கள் தாமான் (குடியிருப்பு) பசங்கள் அணியில் முன்னால் நின்று கோல் அடிக்கிற பையன் ஒருவன், முட்டிக்குக் கீழே வலி என்று சில மாதங்களாகத் திடலுக்கு வந்து ஓரமாகவே உட்கார்ந்திருந்தான். அவனைத் தேற்றுவதற்காக மாமாக் சாப்பாட்டுக் கடையில் யாரோ ரொனால்டோ கதையை எடுக்க, "அவருக்கு எங்கே அடிபட்டது, இந்த வயசுலயும் ஆடிக்கிட்டுதானே இருக்காரு" என்றான் பையன். அவன் சொன்னது போர்ச்சுகல்காரரை. அந்த மேசையில் இருந்த நாங்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் கிழவர்களாகிவிட்டோம்.

சரி, பழைய ஆட்டங்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்த பல்கலைக்கழகத் தம்பிக்கு வருகிறேன். 2000க்குப் பிறகு பிறந்தவன், ஆனால் தேர்ந்தெடுத்ததைப் பார்த்தால் கூடவே இருந்து பார்த்தவன் என்று தோன்றும். 1996 அக்டோபரில் கொம்போஸ்தேலாவுக்கு எதிராக நடுத்திடலில் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தவர்களையும் இழுத்துக்கொண்டே ஓடி அடித்த கோல், அதைப் பார்த்துவிட்டு பயிற்றுநர் பாபி ராப்சன் தலையில் கைவைத்துத் திரும்பியது, பார்சிலோனாவில் இருந்த அந்த ஒரே பருவத்தில் 49 ஆட்டங்களில் 47 கோல், 1998 யூஇஎஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் இண்டர் மிலானுக்காக ஆடி லாசியோ கோல் காவலர் மார்கெஜியானியைப் பந்தைத் தொடாமலேயே உட்கார வைத்தது. இதெல்லாம் ஓடும்போது பசங்கள் கத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த காட்சியைப் போடலாமா வேண்டாமா என்று தம்பி என்னிடம் ஏற்கனவே கேட்டிருந்தான், போடு என்று சொன்னது நான்தான்.

அது 2000 ஏப்ரல் 12, ரோமில் லாசியோவோடு, இரண்டு ஆட்டமாக நடக்கும் இத்தாலியக் கிண்ண இறுதியில் முதல் ஆட்டம். 1999 நவம்பரில் லெச்சே அணிக்கு எதிரான ஆட்டத்தில் வலது முட்டியில் தசைநாண் கிழிந்து, பாரிஸில் அறுவைச் சிகிச்சை முடித்து, மாதக்கணக்கில் காத்திருந்து மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். ஆறேழு நிமிடம்தான். பந்தோடு லாசியோ தற்காப்பை நோக்கி ஓடுகிறார், வழக்கம்போல் பந்தின் மேல் காலைச் சுழற்றுகிறார், யாரும் தொடவில்லை, முட்டி தானாகவே விட்டுவிடுகிறது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தியதும் பின்வரிசையில் இருந்த அம்மாக்கள் "ஐயோ" என்றார்கள். அதுவரை அவர்களில் பாதிப் பேர் வடைத் தட்டில்தான் கவனமாக இருந்தார்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து பேசிய ஃபிசியோ (இயன்முறை சிகிச்சை) அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இருபது நிமிடம் பேசச் சொல்லியிருந்தேன், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தொடைத் தசையின் விசை முழுவதும் முட்டிச்சில்லு வழியாக அந்தத் தசைநாணுக்கு இறங்கி, அங்கிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போகிறது. முழுவேகத்தில் வந்து சடாரென்று நின்று திரும்பும்போது பளு எல்லாம் அந்த ஒரு பட்டையில் விழுகிறது. அது முழுக்க அறுந்தால் சில்லு தொடைப் பக்கம் ஏறிவிடும், காலை நேராக நீட்டக்கூட முடியாது. இதைச் சொல்ல அக்கா ஒரு பையனின் பள்ளிப் பையைத் தூக்கி அதன் வாரைத்தான் காட்டினார், பை முழுக்கப் புத்தகம், வார் ஒரு பக்கம் ஏற்கனவே நைந்திருந்தது, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ரொனால்டோ 1996ல் ஹாலந்தில் பிஎஸ்வி அணியில் இருந்தபோதே முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் சொல்லி, "வலி முதல்லயே சொல்லிடும், நாமதான் கேக்கிறதில்லை" என்று அந்தப் பையனைப் பார்த்தார். அவன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

அறுவைச் சிகிச்சை செய்த ஜெரார் சயானையும், கூடவே இருந்து காலை மடக்க, நீட்ட, நிற்க, பிறகு ஓட என்று படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்த நில்டன் பெத்ரோனேயையும் பற்றி அக்கா பேசியதுதான் எனக்கு அன்றைக்குப் பிடித்த பகுதி. 2000–01 பருவம் முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. உலகம் மறந்துபோன அந்த மாதங்களில் ஒரு ஆள் தினமும் இன்னொருவருடைய முட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது டிக்கெட் மாமா. இவர் வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு துண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்திருந்தார், 2002 மே 25, புக்கிட் ஜாலில் அரங்கம், மலேசியாவும் பிரேசிலும். ஆமாம், உலகக் கிண்ணத்துக்குப் போகும் வழியில் அவர்கள் இங்கே கோலாலம்பூரில் ஆடினார்கள், நாம் 4–0 என்று தோற்றோம், அதில் ஒரு கோல் ரொனால்டோ அடித்தது. மண்டபத்தில் இருந்த பசங்களுக்கு இது தெரியவே தெரியாது. எல்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் போய்விடக்கூடிய இடத்தில் அந்தக் கால் ஓடியிருக்கிறது என்று கேட்டதும், அந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. "மத்தவங்க எல்லாம் பந்தைப் பாத்தாங்க, நான் அவர் முட்டியையே பாத்துக்கிட்டு இருந்தேன், விழுந்துடக் கூடாதேன்னு" என்றார் மாமா. மூத்த ஆட்டக்காரர் ரொமாரியோவைக் கூட்டிப் போகச் சொல்லி பிரேசிலே கத்திக்கொண்டிருந்தபோது அவரை விட்டுவிட்டு இந்த முட்டியை நம்பிய பயிற்றுநர் ஸ்கோலாரியும் அன்றைக்கு அதே பயத்தோடுதான் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த உலகக் கிண்ணத்தில் 8 கோல், துருக்கியோடு அரையிறுதியில் கால்விரலால் குத்திய அந்த ஒன்று, ஜூன் 30 யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு, அதில் முதலாவது ரிவால்டோ அடித்ததை ஆலிவர் கான் கைநழுவ விட்டபோது. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி ஆட்டம், தூக்கம் கெடாமல் பார்த்த உலகக் கிண்ணம். காயத்தைப் பற்றியே கேட்கிறார்கள் என்று நிருபர்களைத் திசைதிருப்ப அவர் முன்னந்தலையில் மட்டும் முக்கோணமாக விட்டிருந்த முடியை நம் பசங்களுக்கு இலவசமாக வெட்டிவிடுகிறேன் என்று ஜாலான் ஈப்போ முடிவெட்டும் கடை அண்ணன் மெஷினோடு வந்து காத்திருந்தார். அம்மாக்கள் யாரும் விடவில்லை. கடைசியில் ஒரு அப்பா உட்கார்ந்தார். அவருடைய மனைவியிடம் நான் இன்னும் பேசவில்லை.

பிறகு அந்த வழக்கமான சண்டை வந்தது, "முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா" என்று. எனக்கு அந்தப் பேச்சு எப்போதுமே பிடிக்காது. 98ல் இருந்த வேகம் 2002ல் இல்லை, சரி, ஆனால் ஓட்டத்தைக் குறைத்து, எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த இரண்டாவது ஆள்தான் எனக்குப் பெரியவர். 2003ல் ரியல் மாட்ரிட்டுக்காக ஓல்ட் டிராஃபோர்டில் மூன்று கோல் அடித்துவிட்டு வெளியே போனபோது மான்செஸ்டர் ரசிகர்களே எழுந்து கைதட்டியது இந்த இரண்டாவது ஆளுக்கு. இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். மகள்தான் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறார் (அந்தத் தங்கைக்குத் தனி நன்றி). வேலை செய்த இடத்து அணிக்கும் அப்புறம் வட்டார லீக்கிலும் முன்னணி ஆட்டக்காரராக ஆடியவர், ஒரு கார்னருக்கு எம்பிக் குதித்து இறங்கும்போது முட்டி போயிருக்கிறது. எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டினார்கள், வீக்கம் வடிந்ததும் திரும்ப இறங்கினார், திரும்பப் போனது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு லோரி ஓட்டியே காலம் போய்விட்டது. "திரும்பி வந்தவனைப் பெரியவன்னு சொல்றது சுலபம் தம்பி. அவருக்குப் பாரிஸ்ல டாக்டர் இருந்தாரு, பக்கத்துல ஃபிசியோ இருந்தாரு. எங்களுக்கு எண்ணெய்தான் இருந்துச்சு."

நான் பதில் சொல்லவில்லை, சொல்ல எதுவும் இல்லை. ரொனால்டோதான் எனக்குப் பெரியவர் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் ஐயா, நீங்கள் பேசியதற்குப் பிறகு பசங்கள் உங்களைச் சுற்றி நின்று அந்தக் கார்னரையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்களே, 2008ல் மிலான் அணியில் அவருடைய இடது முட்டி போன காட்சியைத் தம்பி போட்டதை அவர்களில் யாருமே பார்க்கவில்லை. மண்டபத்துக்கு வந்ததற்கு நன்றி. மைக்கைக் கேட்டு வாங்கியதற்கு அதைவிடப் பெரிய நன்றி.

சாப்பாடு: மீ கோரேங், வடை, கறிபாப், மூன்று வீட்டு அடுப்பில் இருந்து வந்தது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. மைலோ கலக்கிய அண்ணன் சீனியைக் குறைக்கலாம்.

வாடகை எல்லாம் போக 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல் கையில் இருக்கிறது. அதில் ஃபிசியோ அக்கா கேட்ட ரப்பர் பட்டைகளும் பயிற்சிக் கூம்புகளும் வாங்குகிறோம், ரசீது பார்க்க வேண்டியவர்கள் கேளுங்கள். ஒரு இண்டர் மிலான் ஜெர்சியும் இரண்டு டிஃபன் மூடியும் என் வீட்டில் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா திடலுக்கு வருகிறார், முட்டிவலி இருக்கிற பசங்களை அனுப்பி வையுங்கள், எங்கள் முன்னணி ஆட்டக்காரன் ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டான். அப்பாக்களும் வரலாமாம், ஆனால் யாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.