களப்பணித் தாளைக் கொடைக் காலத்துக்கு மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகலைத் தமிழிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் சமயம், வாய்மொழி இலக்கியம், பண்பாடு பற்றிய ஆய்வேட்டை நான்காம் பருவத்தில் வைப்பதுதான் பரவலான வழக்கம். டிசம்பரில் தலைப்பு, ஏப்ரலில் ஒப்படைப்பு. திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கணக்கு உதைக்கிறது. கொடை என்று இங்கே சொல்லும் அம்மன், சுடலைமாடன் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில்தான். மாணவர் ஏட்டை பைண்டு போட்டுக் கொடுத்த பிறகுதான் ஊரில் கொடைக்குக் கால்நாட்டி வேலையைத் தொடங்குகிறார்கள். இடையில் கைக்கு அகப்படுவது பங்குனி உத்திரத்துச் சாஸ்தா வழிபாடு. அதுவும் ஒப்படைக்கும் தேதியை ஒட்டி வரும். பிறகு பழைய ஏடுகளைப் பார்த்து எழுதாமல் என்ன செய்வார்கள்?

தரவு சேகரிப்பை மூன்றாம் பருவத்துக்குக் கொண்டுவந்தால் ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடிக் கொடைகள், ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா எல்லாம் கிடைக்கும். எழுதுவதை நான்காம் பருவத்தில் வைத்துக்கொள்ளலாம். திருக்குறுங்குடி கைசிக ஏகாதசி மட்டும் பருவத் தேர்வோடு மோதக்கூடும். அன்று கோயிலில் நடக்கும் நம்பாடுவான் நாடகம் பார்க்க ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் குடிமுழுகிப் போகாது.

காலத்தை மாற்றினால் மட்டும் போதாது, வேலை செய்யும் முறையும் மாற வேண்டும். கொடையில் பாடும் வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். மாணவர் பலர் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அதற்குள் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்ற தொடக்கப் பகுதிகள் எல்லாம் முடிந்து கதை பாதி தாண்டியிருக்கும். தெய்வத்தை அழைக்கும் தொடக்கச் சடங்கான குடியழைப்பு அன்றே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், கால்நாட்டும்போதே கோயில் நிர்வாகத்தாரைப் பார்த்து, எங்கே நிற்கலாம், எதைப் படம் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பூசை நேரம் நெருங்க நெருங்க, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையைச் சுருக்குவார். சாமியாடிக்கு அருள் வந்ததும் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டைப் பாடுவார்கள். இதை இடையூறு என்று நினைத்து மாணவர் பதிவை நிறுத்திவிடுகிறார். நிறுத்தாவிட்டாலும் எழுதும்போது வெட்டிவிடுகிறார். பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. ஓரத்தில் மணியைக் குறித்துக்கொண்டே வந்தால் எந்த அடி எந்தப் பூசைக்காகச் சுருங்கியது என்பது பிடிபடும்.

குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பதிவு செய்தால் உடுக்கும் தாளமும் ஒன்றாகக் கலந்து இரைச்சல்தான் மிஞ்சும். தாளத்துக்குத் தட்டும் குடத்தை ஒட்டிப் பதிவுக் கருவியை வைத்தாலோ குடத்தடி சொல்லை விழுங்கிவிடும். அண்ணாவிக்கு எதிரே நாலைந்து அடி தள்ளி ஒரு கருவி, சாமியாடி பக்கம் இன்னொன்று என்று இரண்டு வேண்டும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் இறக்கக் குறைந்தது ஆறு மணி நேரம் பிடிக்கும். இரவு முழுவதும் நடக்கும் கொடை ஒரு மாணவருக்குத் தாங்காது. ஒருவருக்கு ஒரு கதை, ஒரு பாடகர் குழு என்று அளவு வைக்க வேண்டும். "வந்தாவ", "சொல்லுதாவ" என்று பாடியதை நெறியாளர்கள் சிவப்பு மையால் "வந்தார்கள்", "சொல்கிறார்கள்" என்று திருத்துவதும், அச்சில் வந்த கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடகர் 'விட்ட' அடிகளை நிரப்புவதும் நிற்க வேண்டும். இரண்டுமே தரவைக் கெடுக்கும் வேலை.

ஆய்வேட்டுக்கு 100 மதிப்பெண் என்றால் 40ஐ ஒலிப்பதிவுக்கும் களக்குறிப்பேட்டுக்கும் ஒதுக்கலாம். பதிவின் ஒரு படி துறையில் இருக்க வேண்டும், இன்னொன்று பாடகர் கையில். மாணவர் கைபேசியோடு பதிவும் தொலைந்துபோவது சாதாரணமாகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் அந்தப் பதிவை எங்காவது இரண்டு நிமிடம் ஓடவிட்டு, இது யார் குரல், எந்தப் பூசை என்று புறத்தேர்வாளர் கேட்கட்டும்.

இதற்கெல்லாம் புதிய நிதி எதுவும் தேவையில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இணைவுக் கல்லூரிகளும் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், பாளையங்கோட்டை