ஏரலில் இருந்து ஒரு நன்றி மடல்

உதவிக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 என்று சொன்னாலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் நீங்கள் பார்த்ததுதான். தண்ணீர் வடிந்த பிறகு என் கடையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குள் முழங்கால் அளவு சேறு. அரிசி மூட்டைகள் ஊறி வெடித்து, கிட்டே நிற்க முடியாத நாற்றம். தூத்துக்குடியில் இருந்து ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் மண்வெட்டியும் வாளியுமாக வந்தார்கள். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. அள்ளிக் கொட்டிய சேற்றோடு அப்பா கடன் கணக்கு எழுதி வைத்த பற்று நோட்டையும் நானே தூக்கி எறிந்துவிட்டேன். அப்பா போய்ச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை நோட்டைப் பொறுக்கி, துப்பட்டாவால் துடைத்து, "அண்ணாச்சி, இது வேணுமா?" என்று கேட்டது.

"போகட்டும்மா, எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கும்."

"பால்பாயிண்ட் பேனா அண்ணாச்சி, அழியல."

மத்தியானம் முழுக்க அந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே ஈர்க்குச்சியை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தது. இடையிடையே பழைய செய்தித்தாளைச் சொருகியது. வெயிலில் வைக்கப் போன என்னையும் தடுத்தது, தாள் சுருண்டுவிடுமாம், நிழலில்தான் காய வேண்டுமாம். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். 'கருப்பட்டி 1 கிலோ, நல்லெண்ணெய் அரை' என்று அப்பாவின் சுழித்த எழுத்து. பீரோ போனதற்கும் மாவு மிஷின் போனதற்கும் அழாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவச் சகோதரர்கள், சமைத்துப் போட்ட ஜமாஅத்தார், கோயில்காரர்கள், சர்ச் ஆட்கள், எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை தந்த முகாம் டாக்டர்கள், பாயும் போர்வையும் அனுப்பிய வெளியூர்க்காரர்கள் என்று எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்ற செந்தூர் ரயில் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்ட புதுக்குடி மக்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவர்கள் ஊரையும் வெள்ளம்தான் சூழ்ந்திருந்தது.

அந்த நோட்டில் பெயர் இருக்கிற பாதிப் பேருக்கு வீட்டில் இன்றைக்கு ஒரு பானைகூட மிச்சமில்லை. வாழை வைத்தவர்கள் நிலைமை அதைவிட மோசம். அதனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன். அதில் உள்ள பாக்கியை யாரிடமும் கேட்கப் போவதில்லை. அப்பா இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அப்புறம், இனி எந்த ஊரில் வெள்ளம் என்றாலும் என்னையும் கூப்பிடுங்கள், மண்வெட்டியோடு வருகிறேன்.

தங்கச்சி, நோட்டு நன்றாகக் காய்ந்துவிட்டது. கொஞ்சம் உப்பிப்போய் அட்டை மூட வரவில்லை, அவ்வளவுதான். ஏரல் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.